வரிசை குலைந்த சுவர்: தியோத்திவாக்கான் ஓவியத் துண்டுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும் தனியார் சேகரிப்பாளர்களுக்கும் ஏல நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தியோத்திவாக்கான் என்ற பாழடைந்த பழைய மாநகரம். அங்குள்ள சுவர்களிலிருந்து வெட்டிக் கடத்தப்பட்ட ஓவியத் துண்டுகள் உங்களில் பலரிடம் இருக்கின்றன. சிலர் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். சிலர் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். சிலருக்கு அது அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன வீட்டுக் கூடத்துச் சொத்து. அந்தத் துண்டைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொல்லியல் படித்தவள் இல்லை. என் தாத்தா சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். ஊரெல்லாம் சிமென்டுக்கு மாறிய பிறகும் பழைய வீட்டுக்குப் பூச்சு என்றால் அவரைத் தேடித்தான் வருவார்கள். அவருக்கு மணல் சலித்துக் கொடுத்தே வளர்ந்தவள் என்பதால், எந்தச் சுவரைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். படமெல்லாம் அப்புறம். சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் தியோத்திவாக்கான் சுவரோவியத்தின் முன் முதன்முதலாக நின்றபோதும் அப்படித்தான் ஆயிற்று.

மேலே சிவப்பு. காய்ந்த ரத்தத்தின் அடர்த்தி. அதற்கடியில் முட்டையோடு மாதிரி மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்பு. அதற்கும் கீழே எரிமலைக் கல்லை இடித்துச் சேர்த்த கருத்த காரை. சின்னச் சின்னக் கல் துணுக்குகள் தெரிந்தன. சொரசொரப்பான அடிப்பூச்சு, அதன் மேல் சலித்த நேர்த்தியான பூச்சு, ஈரம் போகும் முன் வண்ணம், பிறகு கல்லால் தேய்த்து மெருகு. இந்த வேலை எனக்குத் தெரியும். மெருகு ஏறும்போது மணிக்கட்டு எப்படி வலிக்கும் என்பதும் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் கிடையாது. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துலா பக்கத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். பொதி சுமக்கும் மாடோ குதிரையோ அந்த மண்ணில் அன்று இல்லை, வண்டியும் இல்லை. அத்தனையும் ஆள் முதுகில் வந்த சுண்ணாம்பு.

ஓரம் நேராக வெட்டுப்பட்டிருந்தது. நிலம் அதிர்ந்து விழுகிற சுவர் அப்படி நேராக உடையாது, வேர் பிளந்தாலும் உடையாது. ஒரு துண்டில் ஒரு மனிதர் பேசிக்கொண்டே நடக்கிறார். அந்நகர ஓவியர்கள் பேச்சை வாயிலிருந்து கிளம்பும் சுருளாக வரைவார்கள். சுருளில் பூ கோத்திருந்தால் அது பாட்டு என்று சொல்கிறார்கள். அவருடைய சுருள் வளைந்து எழும்பி, பாதியில், வெட்டுவாயில் போய் நின்றுவிட்டது. அவர் என்ன சொல்ல வந்தாரோ, அதன் மிச்சம் வேறொருவர் வீட்டில் இருக்கலாம். உங்கள் வீட்டில் இருக்கலாம்.

அந்த ஊர் எப்பேர்ப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் கையில் இருப்பதை ஒரு தனிப் படமாகவே பலரும் பார்க்கிறீர்கள். பொது ஆண்டின் முதல் ஐந்தாறு நூற்றாண்டுகளில் அது 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்த மாநகரம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். 1962-ல் தொடங்கி ரெனே மில்லன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஊரையே அடி அடியாக நடந்து அளந்து வரைபடம் போட்டார்கள். சூரியப் பிரமிடும் நிலவுப் பிரமிடும் உலகறிந்தவை. அந்த வரைபடம் வெளிக்கொண்டுவந்தது அவற்றைச் சுற்றியிருந்த வாழ்க்கையை. சுமார் 2,000 வளாகங்கள். ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும்படி முற்றமும் அறைகளும் வழிபாட்டு மேடையும். தெபந்தித்லா, தேத்தித்லா, அதெதெல்கோ போன்ற வளாகங்களுக்குள் நுழைந்தால் முற்றத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் ஓவியம். பிள்ளைகள் ஓடித் திரிந்த, சோளம் அரைத்த வீட்டுச் சுவர்கள்.

அந்த மக்கள் பேசிய மொழி எது என்று இன்றுவரை உறுதியாகவில்லை. தியோத்திவாக்கான் என்ற பெயரே, ஊர் பாழாகிப் பல நூறு ஆண்டுகள் கழித்து வந்த அஸ்தெக்குகள் தங்கள் நாவாட்டல் மொழியில் வைத்தது. தங்கள் ஊரை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை அவர்கள் வாயிலிருந்து கேட்க ஒரு வழிதான் இருக்கிறது: அவர்கள் வரைந்த குறிகள். அந்தக் குறிகளில் மிக முக்கியமான ஒரு தொகுதி சுவரிலிருந்து அறுத்து விற்கப்பட்டது. நான் இந்த மடலை எழுதுவதற்கான காரணம் இதுதான்.

நிலவுப் பிரமிடுக்குக் கிழக்கே அமனால்கோ என்ற பகுதியில் தெச்சினன்தித்லா என்றொரு பெரிய வளாகம் இருந்தது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் அதன் ஒரு சுவரில் ஓவியர்கள் நீண்ட இறகுப் பாம்பை வரைந்தார்கள். உடலெங்கும் பச்சை இறகு, வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பாம்புக்குக் கீழே பூத்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லா மரமும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஆனால் பூக்கள் வேறு வேறு, அடிமரத்தில் பொறித்திருக்கும் குறிகளும் வேறு வேறு. அவை மரங்களின் பெயரா, இடங்களின் பெயரா, குலங்களின் பெயரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அதே வளாகத்தில் இன்னொரு ஊர்வலமும் உண்டு. குஞ்சங்கள் தொங்கும் தலைப்பாகை, மழைத்தெய்வத்துக்கு வரைவது போலக் கண்ணைச் சுற்றி வளையம், ஒரு கையில் சாம்பிராணி போன்ற கோபால் பிசின் பை. மறு கையால் எதையோ சிந்திக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். உடை ஒன்று, நடை ஒன்று. ஒவ்வொருவருக்கும் முன்னே இருக்கும் குறி மட்டும் மாறுகிறது. அந்தத் தலைப்பாகை தூதர், படைத்தலைவர் போன்ற உயர் பொறுப்பினருக்கு உரியது என்று ஆய்வாளர் கிளாரா மில்லன் வாதிட்டார். மாயர்களின் தொலைதூர நகரங்களில்கூட அது தென்படுகிறது. அப்படியானால் அந்தக் குறிகள் ஆட்களின் பெயராகவோ பதவியாகவோ இருக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெயர் எழுதிய ஒரு வரிசையில் நடுவிலிருந்து மூன்று பேரை அறுத்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? யாருக்கு அடுத்து யார் நின்றார், யார் வரிசையின் முதலில் நின்றார், வாசலைப் பார்த்து நடந்தார்களா வாசலிலிருந்து வந்தார்களா என்பதெல்லாம் போய்விடும். படிக்கத் தெரியாத எழுத்தைப் படிக்க முயல்பவருக்கு முதல் துணை வரிசைதான். எந்தக் குறிக்குப் பக்கத்தில் எது வருகிறது, எது திரும்ப வருகிறது, எது ஒரே ஒரு தடவை வருகிறது என்று பார்த்துத்தான் அவர் ஓர் அடி எடுத்து வைக்க முடியும். தெச்சினன்தித்லாவில் ஒரு துண்டுக்குள் அடங்கிய மரங்களின் வரிசை தெரியும். இந்தத் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் என்ன நின்றது என்பது தெரியாது.

லா வென்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நகரம். 1990-களில் அங்கே ஒரு முற்றத்தின் தரையில் சிவப்புக் கோடுகளால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாகத் தீட்டிய 40-க்கும் மேற்பட்ட குறிகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அவற்றின் முழுப் பொருள் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் எந்தக் குறி, எந்தப் பக்கம் பார்த்து, எந்த அறை வாசலுக்கு முன்னால் என்பதெல்லாம் கையில் இருக்கிறது. நாளை ஒருவர் புது யோசனையோடு வந்தால் சோதித்துப் பார்க்க முழுத் தரையும் காத்திருக்கிறது. தெச்சினன்தித்லாவுக்கு அந்த வாய்ப்பு 1960-களில் பறிபோனது. காரணம் நெருப்பும் இல்லை, மழையும் இல்லை. வாங்க ஆள் இருந்தது.

சுரங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் கனமழைக்குப் பிறகு அதே நகரின் இறகுப் பாம்புப் பிரமிடின் முன்னால் தரையில் ஒரு பொத்தல் விழுந்தது. செர்ஹியோ கோமெஸ் என்ற தொல்லியலாளர் கயிறு கட்டி உள்ளே இறங்கினார். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் அடைத்து மூடிய, 100 மீட்டருக்கு மேல் நீளும் ஒரு சுரங்கம் பிரமிடுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் கரண்டியும் தூரிகையுமாக மண்ணை எடுத்தார்கள். பச்சைக்கல் சிலைகள், ரப்பர் பந்துகள், சங்குகள், விதைகள் என்று பல்லாயிரம் பொருள்கள். சுவரிலும் கூரையிலும் மினுங்கும் கனிமத் தூள் அப்பியிருந்தது. தீப்பந்த வெளிச்சத்தில் அது நட்சத்திர வானமாக இருந்திருக்கும். கடைசி அறைகளின் பக்கம் திரவப் பாதரசம் கிடைத்ததாக 2015-ல் அறிவித்தார்கள். பாதாளத்து நீர்நிலை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இதே பொத்தலில் முதலில் இறங்கியது ஒரு திருடனாக இருந்திருந்தால்? சிலைகள் சந்தைக்கு வந்திருக்கும். நீங்கள் யாராவது வாங்கியும் இருப்பீர்கள். விதைகள் மிதிபட்டிருக்கும். பாதரசம் மண்ணோடு மண்ணாகியிருக்கும். வானம் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் துண்டைப் பற்றிய கதையும் இதுதான். சுவரில் அது எத்தனை அடி உயரத்தில் இருந்தது, எதிர்ச்சுவரில் என்ன இருந்தது, அந்த அறையின் தரைக்கடியில் யாரைப் புதைத்திருந்தார்கள் என்ற செய்தியெல்லாம் வெட்டிய அந்த நாளிலேயே கொட்டிப் போயிற்று.

சரி, போனது போனதுதானே, இனி என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். செய்ய முடியும். உங்களில் ஒருவர் செய்தும் காட்டியிருக்கிறார்.

ஹரால்டு வாக்னர் என்ற சான் பிரான்சிஸ்கோ கட்டடக்கலைஞர் 1960-களில் இந்த ஓவியத் துண்டுகளை வாங்கிச் சேர்த்தார். 1976-ல் அவர் இறந்தபோது உயிலில் அவற்றை நகரத்து அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்திருந்தார். 70-க்கும் மேற்பட்ட துண்டுகள். மெக்சிகோ உரிமை கோரியது. திருப்பித் தர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அருங்காட்சியகத்துக்கு இல்லை என்ற நிலைதான் அன்று இருந்தது. பேசாமல் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர்கள் மெக்சிகோவின் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து துண்டுகளைச் சுத்தம் செய்து உறுதிப்படுத்தினார்கள். பாதிக்கும் மேற்பட்டவை 1986-ல் மெக்சிகோவுக்குத் திரும்பின. எஞ்சியவை டி யங்கில் இருக்கின்றன. நான் ஓரம் பார்த்துக்கொண்டு நின்றது அவற்றின் முன்னால்தான்.

எனக்கு இதில் திருப்பித் தந்ததைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. துண்டுகளை ஒளிக்காமல் வெளியே வைத்ததால் அவற்றின் பிறந்த வீடு தெரிந்தது. ஊரையே அளந்த மில்லன், இவை எந்தச் சுவருக்கு உரியவை என்று தேடிப் போனார். கொள்ளையர் தோண்டிய குழிகளைப் பார்த்து, 1980-களில் முறைப்படி அகழ்ந்து, தெச்சினன்தித்லாதான் என்று உறுதிசெய்தார்கள். முகவரி இல்லாமல் கிடந்த படங்களுக்கு ஒரு வளாகம் கிடைத்தது. மரங்களில் இருப்பவை எழுத்து என்ற வாதம் வலுத்ததும் இந்தத் துண்டுகளை ஒருசேரப் பரப்பி வைத்துப் பார்க்க முடிந்ததால்தான்.

ஆனால் வாக்னர் ஒருவர் மட்டும் வாங்கவில்லை. தெச்சினன்தித்லாவுக்குப் பக்கத்திலேயே தலகுயிலபாஷ்கோ என்ற வளாகம். கற்றாழை முட்கள் செருகிய கட்டுகளுக்கு முன்னால் நடந்து செல்லும் பூசாரிகளை அதன் சுவரில் வரைந்திருந்தார்கள். தங்கள் உடலைக் கீறி ரத்தம் காணிக்கை தரும் சடங்கு அது. அந்த ஊர்வலத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்லும் துண்டுகள் சிகாகோவிலும் இருக்கின்றன, கிளீவ்லாந்திலும் இருக்கின்றன, சான் பிரான்சிஸ்கோவிலும் இருக்கின்றன. முன்னும் பின்னுமாக நடந்தவர்கள் மூன்று ஊரில் நிற்கிறார்கள். இவையாவது பொது இடத்தில் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். பூட்டிய வீடுகளுக்குள் இருப்பவை எத்தனை என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். கல் முகமூடிகளின் நிலைமை இன்னும் மோசம். உலகமெங்கும் காட்சியில் இருக்கும் தியோத்திவாக்கான் முகமூடிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த மண்ணில் எடுத்தது என்ற ஒரு வரிக் குறிப்புகூடக் கிடையாது. 2021 பிப்ரவரியில் பாரிசில் நடக்கவிருந்த ஓர் ஏலத்தை நிறுத்தும்படி மெக்சிகோ கேட்டுக்கொண்டது, ஏலம் நடந்தது, விற்ற பொருள்களில் தியோத்திவாக்கான் முகமூடி ஒன்றும் இருந்தது.

உங்கள் தரப்பில் சொல்லும் நியாயங்களை நான் கேட்டிருக்கிறேன். நாங்கள் வாங்காமல் விட்டிருந்தால் ஏர் பட்டோ, புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியோ அது அழிந்திருக்கும் என்பது முதல் நியாயம். பழைய நகரத்தின் பெரும்பகுதி இன்றைய ஊர்களுக்கும் வயல்களுக்கும் அடியில்தான் கிடக்கிறது, அது உண்மை. அங்கே கட்டடங்கள் பெருகுவது பெரிய கவலை என்பதும் உண்மை. ஆனால் இந்தச் சுவர்களை ஏர் உடைக்கவில்லை. வண்ணம் பெயராமல் காரையோடு சேர்த்து அறுக்க வேண்டும் என்று மெனக்கெட்டு உடைத்தவர்கள், விலை தெரிந்தவர்கள். காய்ந்த பழைய காரையில் உளி வைத்தால் என்ன ஆகும் என்று எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள். ஒரு துண்டு முழுசாக வர வேண்டுமானால் பக்கத்தில் இரண்டு துண்டு பொடியாகும். உங்களிடம் இருப்பது தப்பித்த துண்டு. அதைத் தப்பவைக்க உதிர்ந்தவற்றின் கணக்கு எங்கும் இல்லை.

நாங்கள் வாங்கிய காலத்தில் சட்டம் இல்லை என்பது அடுத்தது. தொல்லியல் நினைவுச் சின்னங்கள் தேசத்தின் உடைமை என்றும், அனுமதியின்றித் தோண்டவோ அகற்றவோ கூடாது என்றும் மெக்சிகோ 1897-லேயே சட்டம் போட்டுவிட்டது. அமெரிக்கா 1972-ல், கொலம்பஸுக்கு முற்பட்ட கட்டடச் சிற்பங்களும் சுவரோவியங்களும் அந்தந்த நாட்டு அனுமதிச் சான்று இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. சுவரோவியம் என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அது தனியாகப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்த வியாபாரம் என்பதைத்தானே இது காட்டுகிறது?

இங்கே இருந்தால் உலக மக்கள் பார்க்கலாம் என்பதும் ஒரு நியாயம். நானே அப்படிப் பார்த்தவள்தான், அதனால் இதை லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் சான் பிரான்சிஸ்கோ பாதிக்கும் மேல் கொடுத்த பிறகும் நான் போய்ப் பார்க்க அங்கே ஓவியம் இருந்ததே. இரண்டு நாட்டு மக்களும் பார்க்கிறார்கள். கொடுத்ததால் அந்த அருங்காட்சியகத்தின் சுவர் வெறிச்சோடிவிடவில்லை.

ஆகவே உங்களை நான் கேட்பது இவ்வளவுதான். உங்களிடம் இருக்கும் துண்டை மறைக்காதீர்கள். முன்பக்கப் படம் எல்லாரிடமும் இருக்கிறது, அஞ்சலட்டையில்கூட வந்துவிட்டது. பின்பக்கத்தைப் படம் எடுங்கள். நான்கு ஓரங்களையும் எடுங்கள். காரையின் கனத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு துண்டுகள் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருந்தனவா என்று பொருத்திப் பார்க்க அந்த ஓரங்களும் அந்தக் கனமும்தான் உதவும். ஒரே நாளில் குழைத்த காரைக்கு ஒரே முகம் இருக்கும், என் தாத்தா அதைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். ஆய்வுக்கூடத்தார் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். யாரிடம், எந்த ஆண்டு வாங்கினீர்கள் என்ற ரசீதையும் கடிதத்தையும் பரண்மேலிருந்து எடுங்கள். வாங்கியவர் உயிரோடு இல்லையென்றால் அவருக்கு இதனால் ஒரு கெடுதலும் வரப்போவதில்லை. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் ஓர் ஊர்ப் பெயர், ஓர் ஆண்டு, ஒரு துண்டை அதன் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தத் துண்டு தெச்சினன்தித்லாவைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், மரங்களின் வரிசையில் ஒரு மரம் கூடும்.

அதன் பிறகு மெக்சிகோவோடு பேசுங்கள். அருங்காட்சியகங்களுக்கு 1986-ன் உடன்பாடு முன்மாதிரியாக இருக்கிறது. தனியாரே, நீங்கள் அருங்காட்சியகம் ஒன்றின் வழியாகவோ உங்கள் ஊரிலுள்ள மெக்சிகோ தூதரகத்தின் வழியாகவோ தொடங்கலாம். ஏல நிறுவனத்தாரே, எந்தச் சுவர், எந்த மண் என்று சொல்ல முடியாத தியோத்திவாக்கான் பொருளை ஏலத்துக்கு எடுக்க மாட்டோம் என்று நீங்கள் ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்று மாலை, வேலை முடிந்த பிறகு, அந்தத் துண்டை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து இரண்டு பேராகப் பிடித்து இறக்குங்கள். கனமாக இருக்கும், ஓரத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தை விரித்த மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவரின் பேத்தி